சனியைப் பிடித்த சீதேவி

கல்லடிப் பாலத்தைத் தாண்டி, வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையின் முடிவில் வல்லிபுரத்தின் போட்டோக் கடை இருந்தது. பெயர்ப் பலகையில் இருந்தது வல்லிபுரத்தின் பெயர். படம் எடுப்பது அவனுடைய மனைவி சீதேவி. படம் கழுவும் மருந்துகளின் மணம் பட்டால் வல்லிபுரத்துக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். அதனால் கல்யாணமான புதிதில் இருட்டறை வேலையை மட்டும் அவள் ஏற்றுக்கொண்டாள். புருஷன் எடுத்த படங்களில் விழுந்திருக்கும் பிழைகளை நாள்தோறும் கழுவிக் கழுவிப் பார்த்ததில், எடுக்கும்போதே பிழை விடாமல் எடுக்கத் தன்னால் முடியும் என்று அவளுக்குப் பட்டது. ஒருநாள் கமராவையும் தானே எடுத்துக்கொண்டாள். வல்லிபுரத்துக்கு அதில் வருத்தம் இல்லை. ஆட்களோடு பேசுவதும், அவர்களைச் சிரிக்க வைத்துக் கதிரையில் இருத்துவதும்தான் அவனுக்குப் பிடித்த வேலை.

காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் பெண்கள் அந்நிய ஆண் முன்னால் நின்று படம் எடுக்கமாட்டார்கள். சீதேவி கமராவைத் தூக்கிய பிறகு அந்த வீடுகளின் உள்வாசலும் கடைக்குத் திறந்தது. கமராவை மாட்டுக் கரத்தையில் ஏற்றிக்கொண்டு போய், உள்ளறை யன்னலோரம் வைத்துப் படம் எடுப்பாள். அச்சடித்த படத்தோடு, அது முதலில் பதிந்த கண்ணாடித் தகட்டையும் வீட்டுக்காரியின் கையிலேயே கொடுத்துவிடுவாள். தன் முகம் வேறு யார் கையிலும் போய்ச் சேராது என்ற நம்பிக்கை அந்தப் பெண்களுக்கு இருந்தது. "நல்லா வருமா?" என்று யாராவது கேட்டால், "வரும்" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டாள்.

1933இல், தென்னந்தோட்டமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பிப் போனபோது, அவருடைய பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். கமராவுக்கு ஏதாவது நல்ல வில்லை கிடைக்குமா என்று பார்க்கச் சீதேவியும் போயிருந்தாள். மேசை, கட்டில், பீங்கான் எல்லாம் போன பிறகு, ஒரு நீண்ட பித்தளைக் குழாயை வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. அது என்ன சாமான் என்று ஏலம் கூறியவருக்கே தெரியவில்லை. சீதேவி முன்பக்கத்துக் கண்ணாடியை முந்தானையால் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தாள். கீறல் இல்லை. ஏலத்தில் கேட்டாள், அவளுக்கே விழுந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, மண்ணைக் கிளறி எடுத்து, பித்தளையைப் புளி போட்டு விளக்கினாள். பின்வளவில் முக்காலியில் ஏற்றி வாவியின் அக்கரையைப் பார்த்தபோது தோணியும் ஆளும் தலைகீழாகத் தெரிந்தார்கள். வல்லிபுரம் இது பழுது என்று சொல்லிவிட்டான். கமராவின் பின்னாலுள்ள மங்கல் கண்ணாடியில் ஊரில் பாதிப்பேரைத் தலைகீழாகப் பார்த்துப் பழகிய சீதேவிக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

மாரி தொடங்குவதற்கு முந்திய ஒரு பின்னேரம். பொழுது பட்டு விளக்கு வைக்கும் நேரத்தில், உச்சிக்குத் தெற்கே மினுங்காமல் மஞ்சளாக நின்ற ஒன்றின் பக்கம் குழாயைத் திருப்பினாள். கண்ணாடிக்குள் ஒரு சிறு பந்து வந்து நின்றது. பந்தைச் சுற்றி ஒரு வளையம். பந்தில் எங்குமே ஒட்டாமல், தனியே, ஒரு காப்பை அந்தரத்தில் பிடித்ததுபோல. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வெளியே போயிற்று. மறுபடி தேடிப் பிடித்தாள். பிறகு வல்லிபுரத்தைக் கூப்பிட்டாள்.

அவன் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. எடுத்ததும் அது என்ன என்று கேட்டான்.

"சனி," என்றாள் சீதேவி. பஞ்சாங்கத்தைப் பார்த்து அது எந்த ராசியில் நிற்கிறது என்று அன்று காலையிலேயே தெரிந்துவைத்திருந்தாள்.

வல்லிபுரத்தின் வாயில் எதுவும் தங்காது. அடுத்த நாளே கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டான். கதை காத்தான்குடிக்கும் போயிற்று. அங்கே மணிக்கூடு திருத்தும் உசனாரிடம் சீதேவி தன் கமராவின் மூடிப் பொறியைச் சரிபார்க்கக் கொடுப்பது வழக்கம். சுருள்வில், பல்சக்கரம் என்று எதைக் கொடுத்தாலும் பிரித்து, துடைத்து, முன்பைவிட நன்றாக ஓடும்படி பூட்டிவிடுவார். பேச்சு குறைவு. நம்புவது அதையும்விடக் குறைவு.

"பழைய சாமான் தங்கச்சி," என்றார் அவர். "உள்ளுக்கு ஒரு கீறல் இரிந்தா எல்லாத்தையும் சுத்தி வளையம் தெரியும்."

"அப்ப வெள்ளியச் சுத்தியும் தெரியணும். தெரியல்லயே."

"நீங்க சொல்றீங்க. நான் காணல்ல. கண்டாலும் ஒருத்தர் கண்டது மத்தவருக்குக் காணாது."

சீதேவி அதை யோசித்தாள். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகவே பட்டது. கண்டதை மற்றவருக்குக் காட்டுவதுதானே அவளுடைய தொழில்.

"அப்ப படமாக் கொண்டு வாறன் காக்கா," என்றாள். உசனாரை அண்ணன் முறையாக அப்படித்தான் கூப்பிடுவாள்.

அது எத்தனை பெரிய வேலை என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லைத் திருப்பி எடுத்திருக்கமாட்டாள் என்று வல்லிபுரம் பிற்காலத்தில் சொல்வதுண்டு.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. அடுத்த வருஷம் வானம் வெளித்ததும் தொடங்கினாள். வில்லை கழற்றிய கமராப் பெட்டியைக் குழாயின் பின்னால் பூட்டி, தகட்டை வைத்து எடுத்தாள். கழுவிப் பார்த்தால் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி. கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு கண்ணாடியை இடையில் விட்டு, பெட்டியை இன்னும் பின்னுக்குத் தள்ளினாள். புள்ளி எள்ளளவு ஆயிற்று. ஆனால் வெளிச்சம் மங்கிப்போனது. மங்கிய வெளிச்சம் தகட்டில் பதிய நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் சனி நகர்ந்து எள் ஒரு கோடாக இழுபட்டது.

வானத்தோடு சேர்ந்து குழாயும் நகர வேண்டும். அதற்கு உசனாரைவிட்டால் ஆள் இல்லை. தன்னை நம்பாத மனிதரிடமே போய், நம்பாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு பொறி செய்து தாருங்கள் என்று கேட்டாள். உசனாருக்கு வளையத்தில் நம்பிக்கை இல்லாவிட்டாலும், ஒரு நாளைக்கு ஒரு சுற்றுச் சுற்றும் சக்கரம் என்றதும் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. தன் பெரிய மணிக்கூடும் கருவிப் பெட்டியுமாகக் கரத்தை பிடித்துக் கல்லடிக்கு வந்துவிட்டார்.

வானம் முழுவதும் துருவ நட்சத்திரத்தைச் சுற்றித்தான் திரும்புகிறது. மட்டக்களப்பில் அந்த நட்சத்திரம் வடக்கே தென்னைகளின் தலைக்குச் சற்று மேலேதான் நிற்கும். ஆகவே அச்சுத் தண்டை அதை நோக்கிப் பூட்டியபோது, அது செக்கின் உலக்கைபோல நிமிர்ந்து நிற்கவில்லை, ஏறக்குறையப் படுத்தே கிடந்தது. பார்த்தவர்கள் இது விழுந்துவிட்டதா என்று கேட்டார்கள். அந்தத் தண்டில் குழாயைக் கட்டி, மணிக்கூட்டின் சக்கரத்தோடு உசனார் இணைத்தார். முதல்நாள் பார்த்தபோது சனி நின்ற இடத்தில் நிற்காமல், ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு துள்ளுத் துள்ளியது.

உசனார் மணிக்கூட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். கொஞ்சநாள் அவரைக் காணவில்லை. திரும்பி வந்தபோது கரத்தையில் ஒரு எண்ணெய்ப் பீப்பா இருந்தது. அதில் தண்ணீரை நிரப்பி, ஒரு பாரமான மரக்கட்டையை மிதக்கவிட்டு, கட்டையிலிருந்து கயிற்றை அச்சின் சக்கரத்தில் சுற்றினார். பீப்பாவின் அடியிலுள்ள சிறு குழாயைத் திறந்தால் தண்ணீர் ஒழுக ஒழுகக் கட்டை இறங்கும், சக்கரம் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு திரும்பும். வாழ்நாள் முழுவதும் மணிக்கூட்டோடு இருந்த மனிதர் மணிக்கூட்டைத் தூக்கி ஒருபக்கம் வைத்துவிட்டு, ஒழுகும் பீப்பாவைப் பூட்டினார் என்பதைச் சீதேவி கடைசிவரை பெருமையாகவே சொல்வாள்.

பொறியைச் சரிப்படுத்தி முடிய 1936 ஆகிவிட்டது. நடுவில் கடை வேலை, மழை, உசனாரின் நோன்பு, வல்லிபுரத்தின் இழுப்பு எல்லாம் இருந்தன. இதற்கிடையில் வியாழனைப் பிடித்துப் பழகினாள். அதன் நான்கு நிலவுகள் தகட்டில் நான்கு புள்ளிகளாக விழுந்தன. ஆனால் வியாழன் மட்டும் ஓரம் கரைந்த சவர்க்காரக் கட்டிபோல இருந்தது. கண்ணால் பார்க்கும்போது கூராக இருப்பது தகட்டில் ஏன் மழுங்குகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

அந்த ஐப்பசியில் வல்லிபுரம் பொறுமை இழந்தான். பொறி ஓடுகிறது, வானம் வெளித்திருக்கிறது, இனி என்ன என்று கேட்டு, தெரிந்த எல்லாரையும் பின்னேரம் வளவுக்கு வரச் சொல்லிவிட்டான். சீதேவி கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். அந்த வருஷம் அவள் இன்னும் சனியைச் சரியாகப் பார்க்கவில்லை. சனி எங்கே ஓடப்போகிறது என்றான் அவன். பாலத்துக்கு அப்பாலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சித்தாண்டியிலிருந்து, நிறைய வயல் உள்ள ஒரு போடியார் வந்தார். அவருடைய மகள் இராசாத்தியின் கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஏற்கெனவே பேசியிருந்தது. உசனாரும் வந்து பீப்பாவின் அருகில் நின்றார்.

சீதேவி குழாயைத் திருப்பிக் கண்ணை வைத்தாள். பந்து இருந்தது. வளையம் இல்லை.

கண்ணைத் துடைத்துப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். வேறெதையோ பிடித்துவிட்டோமா என்று பக்கத்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதுதான் சனி. மொட்டையாக, மஞ்சளாக, ஒரு பந்து மட்டும்.

அவள் ஒதுங்கி நின்று வந்தவர்களைப் பார்க்கவிட்டாள். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்தார்கள். மூன்றாமவர் வளையல் எங்கே, அடகு வைத்தாயிற்றா என்று கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். வல்லிபுரம் ஏதேதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்து, மூச்சு இழுக்கத் தொடங்கியதும் உள்ளே போய்விட்டான். போடியார் மட்டும் சிரிக்கவில்லை. சனீஸ்வரனுக்குக் குழாய் பிடித்து விளையாடுவது நல்லதல்ல என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எல்லாரும் போன பிறகு உசனார் பீப்பாக் குழாயை மூடினார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். கோவிக்க வேணாம். அண்டைக்கு நீங்க உண்மையாக் கண்டீங்களா?"

"கண்டன். அண்டைக்கு இரிந்த. இண்டைக்கு இல்ல. ரெண்டும் உண்மை."

உசனார் அவளைப் பார்த்தார். பொய் சொல்கிறவர்கள் ஏதாவது ஒரு காரணமும் சேர்த்துச் சொல்வார்கள். இவள் காரணமே சொல்லவில்லை. அதனால்தான் தனக்கு முதன்முதலாக அவள் பேச்சில் நம்பிக்கை வந்தது என்று அவர் பின்னால் ஹவ்வா உம்மாவிடம் சொன்னாராம். ஹவ்வா உம்மா அவருடைய மனைவி.

அந்த மாரி மோசமாக இருந்தது. போடியாரின் ஆள் வந்து, கல்யாணத்துக்கு வேறு இடத்தில் படம் பேசியாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனான். சனியைப் பார்த்த பெட்டியால் பெண்ணைப் பார்க்க வேண்டாம் என்று போடியார் சொன்னதாக மற்றவர்கள் சொன்னார்கள். ஒரு கல்யாணம் போனதும் அதைப் பார்த்து இன்னும் சில போயின. சந்தையில் ஒருத்தி, பெயரில்தான் சீதேவி, செய்கையில் மூதேவி என்று காதில் விழும்படியே சொன்னாள். வல்லிபுரம் ஆட்களைப் பார்க்கக் கூச்சப்பட்டுக் கடையின் பின்பக்கத்தில் இருந்தான். குழாயை விற்றுவிடலாமா என்று ஒருநாள் கேட்டான். வளையம் எங்கே போனது என்று தெரிந்த பிறகு விற்கலாம் என்றாள் சீதேவி.

மழை விட்ட பின்னேரங்களில் எல்லாம் அவள் பார்த்தாள். மாசி மாதத்தில் சனி மேற்கே இறங்கிச் சூரியனோடு மறையும்வரை பார்த்தாள். ஒன்றும் இல்லை. அதற்காக அவள் அழுதாள் என்றோ, சாப்பிடாமல் கிடந்தாள் என்றோ யாரும் சொல்லிக் கேட்டதில்லை. காத்தான்குடி வேலை குறையவில்லை. சனியைப் பற்றிய பயம் அந்த வீடுகளில் இல்லை. அது போதுமாயிருந்தது.

அந்த வைகாசியில் ஹவ்வா உம்மாவைப் படம் எடுக்கப் போனாள். மகன் சாலிஹ் கொழும்பில் வியாபாரம் செய்தான். உம்மாவின் படம் வேண்டும் என்று அவன் கேட்டிருந்தான். சீதேவி கமராவை நிறுத்தி, யன்னல் திரையை இழுத்து வெளிச்சம் சரிபார்க்கும்வரை சும்மா இருக்க ஹவ்வா உம்மாவால் முடியவில்லை. வட்டச் சுளகை எடுத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சீதேவி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு மங்கல் கண்ணாடியைப் பார்த்தாள். சுளகு கண்ணாடியில் வட்டமாகத் தெரிந்தது. ஹவ்வா உம்மா அரிசியில் கல் கிடக்கிறதா என்று பார்க்கச் சுளகைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினார். வட்டம் ஒடுங்கிற்று. இன்னும் உயர்த்தினார். சுளகு ஒரு கோடாகி, யன்னல் வெளிச்சத்தில் அந்தக் கோடும் இல்லாமல் போய்விட்டது.

சீதேவி துணிக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்:

"ராத்தா, அந்தச் சுளகை அப்பிடியே பிடிங்க."

"அரிசி கொட்டும் புள்ள."

"கொட்டட்டும்."

அன்று ஹவ்வா உம்மாவின் படம் எடுக்கப்படவில்லை. கடையிலிருந்து உசனாரைக் கூப்பிட்டு வந்தார்கள். சீதேவி ஒரு உருண்டைத் தேசிக்காயைச் சுளகின் நடுவில் வைத்துப் பிடித்தாள். மெல்லிய சுளகு, சரியாக விளிம்பைக் காட்டினால் தெரியாது. காய் மட்டும் தெரியும். வளையம் எங்கேயும் போகவில்லை, நம் பக்கம் விளிம்பைக் காட்டி நின்றது. உசனார் சுளகை வாங்கித் தானே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அப்ப திரும்பியும் திறக்கும்," என்றார்.

"திறக்கும்."

"எப்ப?"

"அது தெரியாது காக்கா. பாத்துக்கொண்டிருப்பம்."

அந்த வருஷமே புரட்டாதியில், பந்தை ஊசியால் குத்தி இருபக்கமும் முனை நீட்டியதுபோல ஒரு கோடு தெரிந்தது. அடுத்த வருஷம் கோடு கண்ணிமையளவு திறந்தது. இந்த முறை சாய்வு மற்றப் பக்கமாக இருந்தது. உசனார் வந்து பார்த்தார். தன் கண்ணாலேயே பார்த்தார். பார்த்துவிட்டு, இனிப் படத்துக்கு அவசரமில்லை என்று சீதேவி நினைத்துவிடப் போகிறாளோ என்ற பயத்தில், படம் எப்போது என்று கேட்டார்.

மிச்சமிருந்தது அந்த மழுங்கல். எத்தனை தகடு எடுத்தாலும் வளையமும் பந்தும் கலந்து ஒரு தேங்காய்ப்பூக் கட்டியாகவே விழுந்தன. அதற்கு விடை அவளுடைய தொழிலுக்குள்ளேயே கிடந்தது. ஏறாவூரில் ஒரு பெண்ணைச் சிவப்புக் கூறைச் சேலையில் படம் எடுத்தபோது, சேலை கறுப்பாக வந்துவிட்டது என்று அந்தப் பெண் முகம் வாடினாள். சாதாரணத் தகட்டுக்குச் சிவப்புத் தெரியாது, நீலம்தான் நன்றாகத் தெரியும் என்று சீதேவி எத்தனையோ பேருக்குச் சொன்னதை அவளுக்கும் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் குழாய் நினைவுக்கு வந்தது. குழாய்க்குள் பார்த்தால் வெளிச்சமான எதைச் சுற்றியும் மெல்லிய நீலப் புகை ஒன்று தெரியும். கண் அதைப் பொருட்படுத்துவதில்லை. தகடோ அந்தப் புகையைத்தான் முதலில் பிடிக்கிறது. அவள் மஞ்சளில் கூர்பார்த்துவிட்டு, நீலத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

நீலத்தை மறிக்க, மேகங்களைப் படம் எடுக்க வைத்திருந்த மஞ்சள் கண்ணாடித் துண்டை இடையில் செருகினாள். எல்லா நிறமும் பதியும் புதுத் தகடுகளைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தாள். அவற்றைச் சிவப்பு விளக்குக்கூட இல்லாமல், முழு இருட்டில் கையால் தடவித்தான் கழுவ வேண்டும். அது அவளுக்குப் பழக்கம். ஆனால் 1939 ஐப்பசியில் வானம் மூடிவிட்டது. யுத்தமும் தொடங்கி, புதுத் தகடு இனி வராது என்று கொழும்புக் கடைக்காரர் சொல்லிவிட்டார். ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. மாரி முடியட்டும் என்று அவள் பொறுத்துக்கொண்டாள்.

மாரி முடிந்து, 1940 மாசியில் வானம் வெளித்தபோது மேற்கே ஒரு காட்சி விரிந்திருந்தது. பொழுது பட்டதும் வாவிக்கு மேல் புதன், அதற்கு மேல் வியாழன், வெள்ளி, சனி, செவ்வாய் என்று ஐந்து கிரகங்கள் ஏணிப்படிபோல ஏறி நின்றன. ஊரே வாவிக்கரைக்கு வந்தது. ஐந்தும் ஒரே பக்கம் கூடினால் முகத்துவாரம் உடைத்துக் கடல் ஊருக்குள் வரும் என்று ஒருவர் சொன்னார். யுத்தம் இங்கேயும் வரும் என்று இன்னொருவர் சொன்னார். வயல்வட்டையில் அறுவடைக்கு நின்றவர்கள்கூட அரிவாளை வைத்துவிட்டு வந்து பார்த்ததாகப் பேசிக்கொண்டார்கள்.

சீதேவிக்கு அதில் ஒன்றுதான் முக்கியமாக இருந்தது. பொழுது பட்டதும் கடற்காற்று விழும். தரைக்காற்று எழும்புவதற்கு முன் இலை அசையாத ஒரு சிறு பொழுது உண்டு. அந்தப் பொழுதில் சனி நல்ல உயரத்தில் நின்றது. மணல் தரையில் ஆள் நடந்தாலே குழாய் அதிரும். ஆகவே ஒழுங்கை வாசலில் நின்று ஆட்களைத் தடுக்கும் வேலையை வல்லிபுரத்துக்குக் கொடுத்தாள். வழக்கத்துக்கு மாறாக அவன் அன்று எவரோடும் பேச்சுக் கொடுக்கவில்லை. உசனார் மஃரிப் தொழுகையைக் கரையிலேயே முடித்துக்கொண்டு வந்து பீப்பாவின் அருகில் குந்தினார்.

கட்டை இறங்கத் தொடங்கியது. சீதேவி குழாயின் வாயை ஒரு கறுப்பு அட்டையால், குழாயில் படாமல் மறைத்துப் பிடித்தாள். தகட்டின் மூடியைத் திறந்தாள். அதிர்வு அடங்கட்டும் என்று நின்றாள். அட்டையை விலக்கினாள். மனதுக்குள் எண்ணி, திரும்ப மறைத்தாள். காற்று எழும்பும்வரை அப்படிச் சில தகடுகள் எடுத்தாள். உசனார் அந்த நேரம் முழுவதும் தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒழுகும் தண்ணீரை.

மட்டக்களப்புச் சூட்டில் மருந்து சூடேறினால் தகட்டின் பூச்சு இளகி வழிந்துவிடும். அதற்காக கிணற்றுத் தண்ணீரை மண்பானையில் ஊற்றி, ஈரச் சாக்குச் சுற்றிக் காலையிலிருந்தே குளிரவைத்து, படிகாரமும் கரைத்து வைத்திருந்தாள். இருட்டறைக் கதவு மூடிற்று. ஆண்கள் இருவரும் வெளியே நின்றார்கள். உள்ளே தண்ணீர் அலசும் சத்தம் மட்டும் கேட்டது.

முதல் தகடு மழுங்கியிருந்தது. இரண்டாவது கொஞ்சம் இழுபட்டிருந்தது. மூன்றாவதைக் கையில் பிடித்தபடி கதவைத் திறந்து வந்து அரிக்கன் லாம்பின் முன் பிடித்தாள். தெளிந்த கண்ணாடியின் நடுவில், வெளிச்சம் பட்ட இடம் கறுத்து, அரிசிக் குறுணலைவிடச் சிறிதாக ஒன்று இருந்தது. உசனார் மணிக்கூடு பார்க்கும் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தார். ஈரம் சொட்டும் தகட்டைத் தொடாமல், மூச்சுப் படாமல் பார்த்தார்.

"இடைவெளி தெரியுது," என்றார் கடைசியில். "பந்துக்கும் வளையத்துக்கும் இடையில இடைவெளி இரிக்கு தங்கச்சி. ரெண்டு பக்கமும் இரிக்கு."

கண்ணாடியைக் கழற்றி வல்லிபுரத்தின் கையில் கொடுத்தார். வல்லிபுரமும் குனிந்து பார்த்தான். பிறகு, கரையில் நிற்கிறவர்களிடம் சொல்லட்டுமா என்று அவளைக் கேட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவன் எதையும் கேட்டுவிட்டுச் சொன்னதில்லை.

"சொல்லுங்க," என்றாள் சீதேவி. "காட்டவும் ஏலும் எண்டு சொல்லுங்க."

தகடு காய்ந்த பிறகு அதைப் பெருப்பித்து, உள்ளங்கையளவு படமாக அச்சடித்தாள். பெருப்பித்ததில் பொடி மணல் தூவியதுபோல இருந்தாலும், சனி எது, வளையம் எது என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கடையின் முன்கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கீழே தன் கையெழுத்தில் தன்னுடைய பெயரையும் உசனாரின் பெயரையும் எழுதினாள். வளையத்தை அடகு வைத்தாயா என்று கேட்டவர் வந்து பார்த்துவிட்டு, அடகு மீட்டாச்சுப்போல என்று சொல்லித் தானே சிரித்தார். சந்தைக்குப் போகும் பெண்கள் சிலர் அந்தப் பெட்டியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதும் உண்டு. சனியை வீட்டுச் சுவரில் மாட்ட ஒருவரும் கேட்கவில்லை. உசனார் மட்டும் ஒரு படம் வாங்கிப்போய்த் தன் கடையில், மணிக்கூடுகளின் நடுவில் மாட்டினார். சித்தாண்டிப் போடியார் அதன்பிறகும் கடைப்பக்கம் வரவில்லை. சீதேவி அவரை எதிர்பார்க்கவும் இல்லை.

கடல் ஊருக்குள் வரவில்லை. யுத்தம் வந்தது. 1942 சித்திரையில் கடற்பக்கம் குண்டுச் சத்தம் கேட்டபோது ஊர் பாதி காலியாயிற்று. வல்லிபுரமும் சீதேவியும் தோணியில் பனிச்சங்கேணிப் பக்கம் போய் உறவினர் வீட்டில் சில வாரம் இருந்தார்கள். துணிமணியை வைத்துவிட்டுத் தகட்டுப் பெட்டிகளை ஏற்றினாள் என்று வல்லிபுரம் குறைசொல்வான். திரும்பி வந்தபோது கடைக்கு என்றுமில்லாத வேலை இருந்தது. ஊருக்குப் படம் அனுப்ப ஆசைப்பட்ட பட்டாளத்துக்காரர்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். வல்லிபுரத்துக்குப் பேச ஆள் கிடைத்தது. இராணுவக் கட்டளையால் வீடுகளில் விளக்கு வெளியே தெரியக்கூடாது என்றிருந்ததால், வாவிக்கு மேல் வானம் முன்பைவிடக் கறுத்துக் கிடந்தது. ஊரார் முணுமுணுத்தார்கள். சீதேவிக்கு அது வசதியாகவே இருந்தது.

தகடு கிடைப்பது அரிதாயிருந்த அந்த வருஷங்களில் அவள் வியாழனின் பட்டைகளைத் தனித்தனியே பிடித்தாள். வெள்ளி பிறைபோலத் தேய்ந்து நின்றதையும் பிடித்தாள். செவ்வாய்தான் கைக்குள் வராமல் இருந்தது. சிவப்பு உருண்டையில் ஒரு கறுப்பு நிழல் இருப்பதைக் கண்ணால் கண்டிருந்தாள். தகட்டில் அது விழவில்லை. யுத்தம் முடிந்த வருஷம் கொழும்பிலிருந்து புதுத் தகட்டுப் பெட்டி வந்து இறங்கிய அன்று, அவள் அதைப் பிரிக்காமலே கரத்தை பிடித்துக் காத்தான்குடிக்குப் போனாள். பெட்டியை உசனாரின் மேசையில் வைத்து, செவ்வாயைப் பிடிக்க அச்சின் சக்கரம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், எத்தனை நாளில் செய்வீர்கள் என்று கேட்டாள்.